பழைய டெஸ்க்டாப்பில் இரண்டாவது மானிட்டர்: இரண்டு மெஷின்கள், இரண்டு வழிகள்

பழைய மெஷின்கள் இரண்டிலும் இப்போது இரண்டிரண்டு திரைகள் ஓடுகின்றன. ஒன்றுக்கு ஒரு கேபிள்தான் செலவு. இன்னொன்றில் கிராபிக்ஸ் கார்டு, பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) மாற்றம், கடைசியில் ஒரு பட்டன் பேட்டரி வரை போக வேண்டியிருந்தது. வேலை நடந்த வரிசையிலேயே எழுதியிருக்கிறது.

மெஷின் 1: கோர் ஐ5-2400, ஹெச்61 சிப்செட் மதர்போர்டு, 8 ஜிபி ராம், விண்டோஸ் 10. 21.5 அங்குல 1920×1080 மானிட்டர் விஜிஏ (பழைய அனலாக் வீடியோ இணைப்பு) கேபிளில் ஓடிக்கொண்டிருந்தது. சேர்க்க வேண்டியது 19 அங்குல, 1280×1024 சதுர மானிட்டர். அதில் விஜிஏ மட்டுமே உண்டு.

மெஷின் 2: கோர் ஐ3-2100, இதுவும் ஹெச்61தான், ஆனால் ஒல்லியான கேபினட், 220 வாட் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி). போர்டில் ஒரே ஒரு விஜிஏ.

முதலில் பின்புறம்

கார்டு வாங்கலாமா என்று யோசிப்பதற்கு முன் கேபினட்டின் பின்பக்கத்தை டார்ச் அடித்துப் பார்த்துவிட வேண்டும். யுஎஸ்பி, லேன் போர்ட்டுகளோடு ஒரே கூட்டமாக இருப்பவை மதர்போர்டின் போர்ட்டுகள். அவற்றுக்குத் தள்ளி, தனித்தனிப் பட்டைகளில் இருப்பவை கார்டுகளுடையவை. மெஷின் 1-இல் நீல நிற விஜிஏ தெரிந்தது. பக்கத்திலேயே கறுப்பு பிளாஸ்டிக் மூடிக்குள் ஒரு டிவிஐ (இன்னொரு வகை வீடியோ போர்ட்) இருந்தது. இந்த மூடியைப் பார்த்துவிட்டு "வேறு போர்ட் இல்லை" என்று முடிவு கட்டுவது மிகவும் சகஜம்.

அடுத்தது பிராசசர். ஐ5-2400-க்குள்ளேயே ஹெச்டி 2000 கிராபிக்ஸ் இருக்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு திரைகளை ஓட்டும். அந்தத் தலைமுறைக்கு அதுதான் எல்லை. போர்டில் மூன்று போர்ட் இருந்தாலும் மூன்றாவது திரை எரியாது. ஐ5-2380பி, ஐ5-2550கே போன்றவற்றில் கிராபிக்ஸே கிடையாது. பி67 சிப்செட் போர்டில் கிராபிக்ஸ் உள்ள பிராசசரைப் போட்டாலும், படம் வெளியே வர போர்ட் இல்லை. அங்கெல்லாம் கார்டுதான் வழி. மற்றபடி கார்டைப் பற்றிப் பிறகு பேசலாம்.

ஒய் கேபிள், டிவிஐ அடாப்டர்: இரண்டும் வேலைக்கு ஆகாதவை

கடையில் கேட்டால் முதலில் எடுத்துக் கொடுப்பது விஜிஏ ஒய் கேபிள். ஒரு போர்ட்டில் இருந்து இரண்டு மானிட்டருக்குப் பிரியும். படம் வரும், ஆனால் இரண்டிலும் ஒரே படம். விண்டோஸைப் பொறுத்தவரை அங்கே இருப்பது ஒரு மானிட்டர்தான். எந்த செட்டிங்கை மாற்றினாலும் அது இரண்டாகாது. ஹெச்டிஎம்ஐ ஸ்ப்ளிட்டரும் இதே கதை.

அடுத்தது டிவிஐ-யில் இருந்து விஜிஏ எடுக்கும் சின்ன அடாப்டர். இது சில மெஷின்களில் வேலை செய்யும், சிலவற்றில் செய்யாது. காரணம் போர்ட்டின் முகத்திலேயே தெரியும். டிவிஐ போர்ட்டில் வரிசைக்கு 8 வீதம் 3 வரிசையில் 24 துளைகளும், ஓரத்தில் தட்டையான ஒரு பிளவும் இருக்கும். அந்தப் பிளவைச் சுற்றி மேலே இரண்டு, கீழே இரண்டு துளைகள் இருந்தால் அது டிவிஐ-ஐ. அனலாக், டிஜிட்டல் இரண்டும் வரும். வெறும் பிளவு மட்டும் என்றால் டிவிஐ-டி, டிஜிட்டல் மட்டும். மெஷின் 1-இல் இருந்தது டிவிஐ-டி. அடாப்டரின் நான்கு ஊசிகளும் அதற்குள் நுழையாது. அந்த நான்கையும் குறட்டால் பிடுங்கிவிட்டுச் செருகுபவர்களும் உண்டு. செருகும், படம் வராது. ஏனென்றால் சிவப்பு, பச்சை, நீலம், கிடைமட்ட சின்க் ஆகிய நான்கு அனலாக் சிக்னல்களும் போவது அந்த நான்கு ஊசிகள் வழியாகத்தான்.

மானிட்டர்களை இடம் மாற்றியதும் வேலை முடிந்தது

21.5 அங்குல மானிட்டருக்கு விஜிஏ கேபிள் தேவையே இல்லை. அதில் ஹெச்டிஎம்ஐ இருக்கிறது. ஆகவே மதர்போர்டின் விஜிஏ-வைப் பழைய 19 அங்குலத்துக்கு விட்டுக்கொடுத்து, 21.5 அங்குலத்தை டிவிஐ-டி போர்ட்டுக்கு மாற்றினால் போதும். அதற்கு வேண்டியது ஒரு டிவிஐ-டி முதல் ஹெச்டிஎம்ஐ வரையிலான கேபிள், 1.5 மீட்டர். இரு பக்கமும் ஓடுவது ஒரே வகை டிஜிட்டல் சிக்னல் என்பதால் நடுவில் சிப் எதுவும் இல்லை. விலையும் குறைவு, எந்தப் பக்கத்தில் இருந்து எந்தப் பக்கத்துக்கும் போகும்.

சிங்கிள் லிங்க் டிவிஐ-யின் உச்ச வரம்பு 165 மெகாஹெர்ட்ஸ் பிக்சல் கிளாக் (படப்புள்ளிகள் அனுப்பப்படும் வேகம்). 1920×1080, 60 ஹெர்ட்ஸுக்குத் தேவை 148.5. தாராளமாக அடங்கும். 2560×1440 மானிட்டர் என்றால் இந்த வழி 60 ஹெர்ட்ஸில் எடுபடாது. ஒலியும் பெரும்பாலும் இந்தக் கேபிளில் வராது. ஸ்பீக்கரை வழக்கம்போல மதர்போர்டின் பச்சை ஜாக்கிலேயே விட்டுவிட வேண்டியதுதான்.

இரண்டு மானிட்டர்களிலும் விஜிஏ மட்டுமே இருந்திருந்தால், டிஜிட்டலை அனலாக்காக மாற்றும் சிப் வைத்த ஆக்டிவ் அடாப்டர் வேண்டியிருக்கும். அங்கே திசை முக்கியம். "ஹெச்டிஎம்ஐ டு விஜிஏ" வேறு, "விஜிஏ டு ஹெச்டிஎம்ஐ" வேறு. பெட்டியில் முதலில் எழுதியிருப்பது கம்ப்யூட்டர் பக்கம். டிஸ்ப்ளேபோர்ட் கேபிள்களிலும் அப்படித்தான்: டிஸ்ப்ளேபோர்ட் உள்ள கம்ப்யூட்டரில் இருந்து ஹெச்டிஎம்ஐ மானிட்டருக்குப் போகும் கேபிளைத் தலைகீழாக மாட்டினால் எதுவும் வராது.

கேபிள்களை மாட்டியது மின்சாரத்தை அணைத்துவிட்டு. விஜிஏ, டிவிஐ பிளக்குகளின் பக்கத் திருகுகளை விரலால் இறுக்கினால் போதும். திருப்புளி போட்டு முறுக்கினால் அடுத்த முறை கழற்றும்போது, போர்ட்டின் இரு பக்கமும் இருக்கும் அறுகோண நட்டு திருகோடு சேர்ந்து கழன்று வந்துவிடும். விஜிஏ பிளக்கின் ஊசிகளையும் மாட்டுவதற்கு முன் பார்த்துக்கொள்ளலாம். நடு வரிசையில் ஓர் ஊசி இல்லாமல் 14 மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம். 9-ஆம் ஊசி பல கேபிள்களில் வருவதில்லை. வளைந்த ஊசி இருந்தால், ஈயக்குச்சியை எடுத்துவிட்ட மெக்கானிக்கல் பென்சிலின் முனைக்குழாயை அதன் மேல் செருகி மெதுவாக நிமிர்த்தலாம்.

ஆன் செய்ததும் பயாஸ் எழுத்துகள் பழைய மானிட்டரில் வந்தன. இது கோளாறு அல்ல. விண்டோஸ் ஏறும் வரை பல போர்டுகள் ஒரு போர்ட்டுக்கு மட்டுமே படம் அனுப்பும். விண்டோஸ் வந்தபின் விண்டோஸ் விசையோடு பி-யை அழுத்தி "எக்ஸ்டெண்ட்" தேர்ந்தெடுத்ததும் இரண்டு திரையும் தனித்தனியாகப் பிரிந்தன. இந்த இடத்தில் "எக்ஸ்டெண்ட்" வேலை செய்யவில்லையென்றால் டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்பதைத் திறந்து பார்க்க வேண்டும். "மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்" என்று இருந்தால் சரியான டிரைவர் ஏறவில்லை என்று பொருள். அந்த நிலையில் கேபிளை மாற்றி மாற்றிச் செருகிப் பயனில்லை. விண்டோஸ் அப்டேட்டில் விருப்ப அப்டேட்டுகள் பகுதியில் இன்டெல் டிஸ்ப்ளே டிரைவர் காத்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் அடுத்த படி.

19 அங்குலத்தில் 1024×768-க்கு மேல் போகவில்லை

படம் வந்தது, ஆனால் எழுத்துகள் உப்பிப்போய், ஓரங்கள் கரைந்து. ரெசல்யூஷன் பட்டியலில் 1024×768-க்கு மேல் எதுவும் இல்லை. மானிட்டரின் பெயர் "ஜெனரிக் நான்-பிஎன்பி" என்று காட்டியது. இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் சந்தேகம் கேபிள் மீதுதான். மானிட்டர் தன்னுடைய விவரங்களை, அதாவது எந்தெந்த ரெசல்யூஷன் தாங்கும் என்பதை, 128 பைட் அளவுள்ள ஈடிஐடி என்ற குறிப்பாக கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. விஜிஏ-வில் அது போவது 12, 15-ஆம் ஊசிகள் வழியாக. மலிவான கேபிள்கள் சிலவற்றில் அந்தக் கம்பிகளே இருப்பதில்லை. ஊசி இருக்கும், உள்ளே இணைப்பு இருக்காது.

மல்டிமீட்டரை பஸ்ஸர் நிலையில் வைத்து, கேபிளின் இரு முனைகளிலும் 12-ஐயும் 15-ஐயும் தொட்டால் உண்மை தெரிந்துவிடும். எண்ணும் முறை: பிளக்கின் ஊசிப் பக்கத்தை, அகலமான விளிம்பு மேலே இருக்கும்படி நேராகப் பார்த்தால், மேல் வரிசை இடமிருந்து வலமாக 1 முதல் 5, நடுவில் 6 முதல் 10, கீழே 11 முதல் 15. 12-இல் சத்தம் வரவில்லை. 21.5 அங்குலத்தில் இருந்து கழற்றிய பழைய விஜிஏ கேபிளை (இரு முனையிலும் உருளை போன்ற ஃபெரைட் கட்டி உள்ளது) மாட்டியதும் 1280×1024 பட்டியலில் வந்துவிட்டது. மீட்டர் இல்லாதவர்கள் கேபிளை மாற்றிப் பார்த்தாலே போதும்.

ரெஃப்ரெஷ் ரேட்டில் 75 ஹெர்ட்ஸும் இருந்தது. எல்சிடி-க்கு அது வேண்டாம். 1280×1024-க்கு 60 ஹெர்ட்ஸில் பிக்சல் கிளாக் 108 மெகாஹெர்ட்ஸ், 75-இல் 135. அனலாக் கேபிளில் வேகம் ஏற ஏற எழுத்தின் கூர்மை குறையும். 60-இல் வைத்தது நன்றாகவே இருக்கிறது.

அடுத்து மானிட்டரின் "ஆட்டோ" பட்டன். இதைப் பெரும்பாலும் இருண்ட வால்பேப்பர் இருக்கும்போதே அழுத்திவிடுகிறார்கள். படம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று மானிட்டர் தேடுகிறது. ஓரம் கறுப்பாக இருந்தால் எதைப் பிடிப்பது? நோட்பேடை முழுத் திரைக்கு விரித்து, சிறிய எழுத்துகளால் நிரப்பி, வெள்ளைப் பின்னணியில் ஆட்டோ அழுத்த வேண்டும். அதன் பிறகும் நெட்டுக்குத்தாக மங்கலான பட்டைகள் தெரிந்தால் மெனுவில் "கிளாக்". எழுத்துகள் நடுங்கினால் "ஃபேஸ்". முதலில் கிளாக், பிறகு ஃபேஸ். மாற்றிச் செய்தால் இரண்டு முறை செய்ய வேண்டிவரும். இங்கே கிளாக் சரியாக இருந்தது. ஃபேஸை மட்டும் ஒவ்வோர் எண்ணாக நகர்த்தியதில், ஒரு குறிப்பிட்ட இடத்தில் நடுக்கம் சட்டென்று நின்றது.

18.5 அங்குல 1366×768 மானிட்டரை விஜிஏ-வில் மாட்டுபவர்களுக்கு ஒரு குறிப்பு. பட்டியலில் பலநேரம் 1360×768 தான் வரும். 1366 என்பது 8-ஆல் வகுபடாத எண். பழைய டைமிங் முறைகளுக்கு அது ஒத்துவருவதில்லை. எழுத்தில் லேசான மங்கல் இருந்தால் காரணம் அதுதான். அந்த மானிட்டரில் டிஜிட்டல் போர்ட் இருந்தால் அதற்கு மாறுவது நல்லது.

மவுஸ் குதிக்கும் இடம்

டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 1, 2 என்று எண்ணிட்ட கட்டங்களை மேஜையில் இருக்கும் வரிசைப்படி இழுத்து வைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். உயரத்தையும் இழுக்கலாம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

21.5 அங்குலத்தின் திரை உயரம் 26.8 செமீ, அதில் 1080 வரிசைகள். 19 அங்குல சதுரத்தின் உயரம் 30.1 செமீ, 1024 வரிசைகள். ஒரு செமீக்கு ஒன்றில் 40, மற்றதில் 34. ஆகவே மவுஸ் எல்லா உயரத்திலும் நேர்கோட்டில் கடக்கவே முடியாது. ஓர் இடத்தில் பொருந்தினால் மற்ற இடங்களில் குதிக்கும். நடுவில் பொருத்தினால் பார்வை அதிகம் இருக்கும் இடத்தில் குதிப்பு இல்லை. மேல், கீழ் ஓரங்களில் மட்டும் 2.3 செமீ வரை வரும். இதற்கு இரண்டு திரைகளின் நடுக்கோட்டையும் மேஜையில் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்து (அளக்க வேண்டியது கண்ணாடியை, சட்டத்தை அல்ல), செட்டிங்ஸிலும் சிறிய கட்டத்தை மேலே 28, கீழே 28 வரிசை விட்டு நடுவில் நிறுத்த வேண்டும்.

இதில் கேட்காமலே கிடைத்த லாபம் ஒன்று. முதன்மைத் திரை இடப்பக்கம், இரண்டாவது வலப்பக்கம். முதன்மைத் திரையின் வலது மேல் மூலையில் 28 வரிசைக்கு அப்பால் எதுவும் இல்லாததால் மவுஸ் அங்கே சுவரில் முட்டியதுபோல் நிற்கும். விண்டோவை மூடும் பட்டன் சரியாக அங்கேதான் இருக்கிறது. மேல் விளிம்புகளை ஒட்டி வைத்தவர்கள் அந்தப் பட்டனைத் தாண்டி அடுத்த திரைக்குள் ஓடி ஓடித் திரும்புவார்கள்.

பழைய மானிட்டரின் வெள்ளை மஞ்சளடித்துப்போயிருக்கும். அதைப் புதிதாக்க முயல்வதைவிட, புதியதை "வார்ம்" நிலைக்கு மாற்றி வெளிச்சத்தைக் குறைப்பது எளிது. இரண்டிலும் வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து பக்கத்தில் பக்கத்தில் பார்த்துக்கொண்டே செய்யலாம்.

மெஷின் 2: கார்டு இல்லாமல் முடியாது

இங்கே விஜிஏ ஒன்றுதான். யுஎஸ்பி வழியாகப் படம் எடுக்கும் அடாப்டர் பரிசீலனைக்கு வந்தது. ஆனால் இந்தப் போர்டில் யுஎஸ்பி 2.0 மட்டுமே, 480 மெகாபிட். படத்தைச் சுருக்கி அனுப்பும் வேலையும் பிராசசர் தலையிலேயே விழும். மின்னஞ்சல் பார்க்கச் சரி, வீடியோவுக்கு ஆகாது. அதனால் வாங்கியது என்விடியாவின் ஜிடி 710 கிராபிக்ஸ் கார்டு, பேசிவ் கூலிங் (விசிறி இல்லாதது), லோ புரொஃபைல் (குட்டையானது). 19 வாட்தான் இழுக்கும், தனி மின் இணைப்பு வேண்டாம், 220 வாட் எஸ்எம்பிஎஸ் தாங்கும். இதைவிடப் புதிய கார்டுகள் சில, யுஇஎஃப்ஐ (பயாஸின் புதிய வடிவம்) இல்லாத பழைய பயாஸில் திரையே காட்டாது. வாங்குமுன் விசாரித்துக்கொள்ள வேண்டிய விஷயம் இது.

கார்டில் டிவிஐ-டி, ஹெச்டிஎம்ஐ, விஜிஏ மூன்றும் உண்டு. முழு உயர பிராக்கெட்டைக் கழற்றிக் குட்டை பிராக்கெட் போட வேண்டும். டிவிஐ-யின் இரு அறுகோண நட்டுகளுக்கு 5 மிமீ நட் டிரைவர், இல்லையென்றால் மூக்குக் குறடு. குட்டை பிராக்கெட்டில் விஜிஏ-வுக்கு இடமில்லை. அது ஒரு ரிப்பன் கேபிளில் தனி பிராக்கெட்டாக வந்து பக்கத்து ஸ்லாட்டை எடுத்துக்கொள்ளும். இந்தக் கேபினட்டில் அங்கே வைஃபை கார்டு உட்கார்ந்திருந்தது. எனவே ரிப்பனைக் கழற்றிவிட்டு, பழைய மானிட்டரை மதர்போர்டின் விஜிஏ-விலும், புதியதைக் கார்டின் ஹெச்டிஎம்ஐ-யிலும் மாட்டுவதாகத் திட்டம்.

பவர் கார்டைப் பிடுங்கிவிட்டு, மிச்ச மின்சாரம் இறங்க பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி, கேபினட் இரும்பைத் தொட்டுவிட்டு வேலை தொடங்கியது. பல ஆண்டுகள் காலியாகக் கிடந்த ஸ்லாட்டுக்குள் தூசி பஞ்சாக அடைந்திருக்கும். பிரஷும் புளோயரும் போட்டு எடுக்காமல் கார்டைச் செருகினால் தூசி உள்ளேயே அமுங்கிவிடும். கார்டு உட்கார்ந்ததும் ஸ்லாட்டின் பின்முனைத் தாழ் "கிளிக்" என்று மேலெழ வேண்டும். தங்கநிறப் பட்டை ஒரு முனையில் மட்டும் வெளியே தெரிந்தால் பிராக்கெட் எங்கோ இடிக்கிறது.

ஆன் செய்ததும் கார்டில் படம், மதர்போர்டு விஜிஏ-வில் கும்மிருட்டு. எதிர்பார்த்ததுதான். கார்டு இருப்பதைக் கண்டால் உள் கிராபிக்ஸை பயாஸ் அணைத்துவிடும். டெலிட் விசையை அழுத்தி பயாஸுக்குள் போய், "ஐஜிடி மல்டி மானிட்டர்" என்ற வரியை எனேபிள் செய்ய வேண்டும். போர்டுக்குப் போர்டு பெயர் மாறும்: "ஐஜிபியு மல்டி மானிட்டர்", "இன்டர்னல் கிராபிக்ஸ்" என்றும் இருக்கும். முழு செட்டாக வாங்கிய அலுவலக டெஸ்க்டாப்புகள் சிலவற்றின் பயாஸில் இந்த வரியே இருக்காது. அங்கே இரண்டு மானிட்டரையும் கார்டிலேயே மாட்டுவது தவிர வேறு வழியில்லை. விண்டோஸ் 7 முதல் இரு வேறு நிறுவனங்களின் கிராபிக்ஸ் டிரைவர்கள் ஒன்றாக ஓடும் என்பதால் அந்தப் பக்கம் சிக்கல் இல்லை. கெப்ளர் தலைமுறையான இந்தக் கார்டுக்கு என்விடியாவின் 470 வரிசை டிரைவர்தான் கடைசி. அதைவிடப் புதியதை இறக்கினால் பொருத்தமான கார்டு இல்லை என்று சொல்லி நின்றுவிடும்.

ஹெச்டிஎம்ஐ-யில் இரண்டு சின்னத் தொந்தரவுகள். கறுப்பு சாம்பலாகத் தெரிந்தது: டிரைவர் மானிட்டரை டிவி என்று எண்ணி 16 முதல் 235 வரையிலான குறுகிய வரம்பில் அனுப்பியிருக்கிறது. டிரைவர் பேனலில் "அவுட்புட் டைனமிக் ரேஞ்ச்" என்பதை "ஃபுல்" ஆக்கியதும் சரியானது. ஸ்பீக்கரில் ஒலி நின்றுபோனது: விண்டோஸ் ஒலியை மானிட்டருக்குத் திருப்பிவிட்டிருந்தது. டாஸ்க்பாரின் ஸ்பீக்கர் குறியைச் சொடுக்கிப் பழைய வெளியீட்டைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

எல்லாம் ஓடியது. சுவர் ஸ்விட்சை அணைத்து மறுநாள் போட்டால் பழைய மானிட்டர் மறுபடி இருட்டு. கேபிள், டிரைவர் எல்லாம் அப்படியே இருந்தன. பயாஸுக்குள் போனால் மல்டி மானிட்டர் வரி "டிசேபிள்ட்" என்று நின்றது. தேதியும் பழைய ஆண்டுக்குப் போயிருந்தது. இன்டர்நெட் வந்ததும் விண்டோஸ் நேரத்தைத் தானே திருத்திக்கொள்வதால் இது வெளியே தெரிந்திருக்கவில்லை. மதர்போர்டில் இருந்த சிஆர்2032 பேட்டரியை மீட்டரில் வைத்தால் 2.6 வோல்ட். புதியது 3 வோல்ட்டுக்கு மேல் காட்டும். பேட்டரியை மாற்றி, பயாஸில் மறுபடி எனேபிள் செய்து, தேதியைச் சரிசெய்து, சேவ் செய்த பிறகு ஸ்விட்சை அணைத்தாலும் செட்டிங் நிற்கிறது.

அடுத்த மெஷினில் மாற்றிச் செய்ய வேண்டியவை: கேபினட்டைத் திறந்த கையோடு பேட்டரியை மாற்றிவிடுவது, இந்தச் செலவுகளிலேயே மிகச் சிறியது அதுதான். கார்டு வாங்குமுன் பக்கத்து ஸ்லாட் காலியா என்று பார்ப்பது. காலியாக இருந்திருந்தால் இரண்டு மானிட்டரும் கார்டிலேயே ஓடியிருக்கும், பயாஸைத் தொடவே வேண்டியிருக்காது. வைஃபை கார்டுக்குப் பதில் சிறிய யுஎஸ்பி வைஃபை போட்டால் இந்த மெஷினிலும் அப்படி மாற்றிக்கொள்ளலாம். ரிப்பனும் அதன் தனி பிராக்கெட்டும் அதற்காகத்தான் கார்டின் பெட்டியிலேயே இருக்கின்றன.